சைக்கிள் பாதையில் ஓடலாமா?

போன வாரம் முழங்கையில் கட்டோடு வகுப்புக்கு வந்ததும் ஆளாளுக்கு "என்னடா ஆச்சு?" என்று கேட்டீர்கள். தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். :)

சாயங்காலம் சைக்கிளில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். சிவப்பு நிறம் பூசி, சைக்கிள் படம் வரைந்த பாதை. முன்னால் ஒருவர் காதில் இயர்போனோடு ஓடிக்கொண்டிருந்தார். மணி அடித்தேன். கேட்கவில்லை. ஒதுங்கிக் கடக்கப் போன நேரம் பார்த்து மனிதர் சட்டென்று திரும்பினார். நான் பிரேக் பிடித்து, விழுந்து, முழங்கையைத் தேய்த்துக்கொண்டேன். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. பாவம், பத்து தடவை மன்னிப்புக் கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும் கோபத்தோடு சட்டத்தைத் தேடிப் படித்தேன். சிங்கப்பூரில் 2025 ஜூலை 1 முதல், சைக்கிள் பாதையை ஒட்டியிருக்கும் நடைபாதை நடப்பவர்களுக்கு மட்டும். அதில் சைக்கிள் ஓட்டினால் 2,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சரி, சைக்கிள் பாதையில் நடந்தால், ஓடினால்? தண்டனை கிடையாது. நடைபாதையிலேயே செல்லுங்கள் என்ற வேண்டுகோள்தான்.

இதென்ன ஓரவஞ்சனை என்று எனக்கும் முதலில் எரிச்சல் வந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள். சைக்கிள் பாதையின் வேக வரம்பு மணிக்கு 25 கிலோமீட்டர். அதாவது வினாடிக்கு ஏறக்குறைய 7 மீட்டர். அந்த வேகத்தில் மோதினால் அடி யாருக்குப் பலமாக விழும்? அதுவும் வயதானவர் என்றால்? பேருந்து நிறுத்தத்துக்குப் போக எத்தனையோ இடங்களில் இந்தப் பாதையைக் கடந்துதான் ஆகவேண்டும். கால் வைத்தாலே குற்றம் என்றால், தினமும் சந்தைக்குப் போகும் என் பாட்டியும் குற்றவாளிதான்.

இன்னொன்றையும் நாம் வசதியாக மறந்துவிடுகிறோம். பக்கத்தில் சைக்கிள் பாதை இல்லாத நடைபாதைகளில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகம் வரை சைக்கிள் ஓட்ட நமக்கு அனுமதி இருக்கிறது. அங்கே நடப்பவர்கள்தான் நமக்கு இடம் விடுகிறார்கள். அப்படியிருக்க, நம் பாதையில் ஒருவர் ஓடியதற்காக அபராதம் கேட்பது நியாயமா?

அதற்காக ஓடுபவர்களை அப்படியே விட்டுவிடவும் முடியாது. தண்டனை இல்லை என்றால் அது உங்கள் பாதை என்று அர்த்தமில்லை. நடைபாதையில் தள்ளுவண்டியும் கூட்டமுமாக இருக்கிறது, வேறு வழியில்லை என்கிறீர்களா? சரி, ஒரு ஓரமாக ஓடுங்கள். ஒரு காதையாவது திறந்து வையுங்கள். திரும்புவதற்கு முன் பின்னால் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் அதே சிவப்புப் பாதையில் ஓடுகிறவன்தான், எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கடைசியாக ஓர் உண்மை. அன்று மணி அடித்தேனே தவிர, வேகத்தைக் குறைக்கவில்லை. அவர் விலகிவிடுவார் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். குறைத்திருந்தால் இந்தக் கட்டே இருந்திருக்காது.

அடுத்த வாரம் கட்டைப் பிரித்துவிடுவார்கள். மறுபடியும் அதே பாதையில்தான் வருவேன், கொஞ்சம் மெதுவாக.