விரிசலுக்குப் பட்டி பூசும் முன்



புது வீட்டில் குடியேறியவர்கள் எழுதும் கடிதங்களில் ஒரே கவலை திரும்பத் திரும்ப வருகிறது: சிமென்ட் கல் சுவரில் விரிசல் விட்டிருக்கிறதே, ஆபத்தா? கடன் வாங்கிக் கட்டிய வீடு. சுவரில் ஒரு கோடு விழுந்தாலும் மனசு பதறத்தான் செய்யும்.

பெரும்பாலும் பயப்பட வேண்டியதில்லை. ஹாலோ பிளாக்கானாலும் சாலிட் பிளாக்கானாலும் ஈரம் உலர உலரச் சுருங்கும். அதனால்தான் 14 நாளாவது தண்ணீர் காட்டி, பிறகு நான்கு வாரம் உலரவிட்ட கல்லையே கட்ட வேண்டும் என்கிறது ஐ.எஸ். 2185 தரக் குறியீடு. நாமோ அவசரத்தில் பச்சைக் கல்லை இறக்குகிறோம். போதாததற்கு, செங்கல்லைப் போல அதை ஊறவும் வைக்கிறோம். அந்தக் கல் சுவரில் ஏறியபின் சுருங்கி, ஜன்னல் மூலையிலும் நீளச் சுவரின் நடுவிலும் விரிசலாகத் தெரிகிறது.

கல் இணைப்பு வழியே படிப்படியாக ஏறும் விரிசல் வேறு ரகம். அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்கியிருக்கலாம். கரிசல் மண்ணில் இது சகஜம்.

எதுவானாலும், விரிசல் இன்னும் நகர்கிறதா, நின்றுவிட்டதா என்று பார்க்காமல் கை வைக்காதீர்கள். அது முடியும் இடத்தில் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதுங்கள். குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை இரு பக்கமும் பசையால் ஒட்டுங்கள். ஒரு கோடையும் ஒரு மழையும் போகட்டும். கண்ணாடி உடைந்தாலோ, கதவு இறுகினாலோ, தூணிலும் பீமிலும் விரிசல் தெரிந்தாலோ, கட்டடப் பொறியாளரைத்தான் கூப்பிட வேண்டும்.

நின்றுபோன விரிசலுக்கு வைத்தியம் எளிது. உளியால் ‘வி’ வடிவில் வெட்டி, தூசி தட்டி, லேசாக ஈரம் காட்டி, பாலிமர் சேர்த்த கலவையை அழுத்தி அடைக்கச் சொல்லுங்கள். சிமென்ட் அதிகம் போட்டால் பலம் என்று கொத்தனார் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்தக் கலவையே சுருங்கி ஓரத்தில் மறுபடி பிளக்கும். தூணும் சுவரும் சேரும் இடத்தில் சிக்கன் மெஷ் அடித்துப் பூசுவது நல்லது. மொட்டைமாடித் தளத்துக்கு அடியில் ஓடும் கிடைமட்ட விரிசல், வெயிலில் தளம் நீண்டு சுருங்குவதால் வருவது. அங்கே கெட்டிக் கலவை நிற்காது; இழுத்தால் நீளும் சீலன்ட்தான் சரி.

படம் அனுப்புகிறவர்கள் விரிசலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து எடுங்கள். வீடு கட்டிய வருடம், நிலத்தின் மண், விரிசலை முதலில் பார்த்த மாதம் மூன்றையும் மறக்காமல் எழுதுங்கள். பொறியாளரிடம் காட்டிப் பதில் வாங்கித் தருவது எங்கள் பொறுப்பு.

அன்புடன்,
ஆசிரியர்