விசித்திரம் என்னும் சோம்பல்

தமிழில் பயணம் பற்றி எழுதுகிறவர்களிடம் அண்மைக் காலமாக ஒரு சொல் சிக்கிக்கொண்டு படாதபாடு படுகிறது. 'விசித்திரம்' என்பது அந்தச் சொல். விசித்திரக் கோயில், விசித்திர அருங்காட்சியகம், விசித்திர ஊர். சொல்லின் மீது எனக்குப் பகையில்லை. அதைச் சொன்ன மாத்திரத்தில் எழுதுபவர் தம் வேலை முடிந்துவிட்டதாகக் கருதி அடுத்த ஊருக்குப் பேருந்து ஏறிவிடுகிறாரே, அதுதான் பொறுக்கவில்லை.

ஊரூர் ஒல்காட் குப்பத்தையொட்டிய கடற்கரையில் கூடிப் பேசும் எங்கள் சிறு வட்டத்தில், தார்ப் பாலைவனத்துக்குப் போய்வந்த நண்பர் ஒருவர் சென்ற மாதம் தம் படங்களைக் காட்டினார். "துடைப்பத்துக்கு ஒரு மியூசியம் சார், புல்லட் வண்டிக்கு ஒரு கோயில் சார், என்ன விசித்திரமான ஜனங்கள்!" என்றார். கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்போடுதான் எனக்கு வழக்கு. நண்பர் நல்லவர், சங்கப் பாடல்களை என்னைவிட அதிகம் மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர். ஆகவேதான் வழக்கு வலுக்கிறது.

முதலில் கோயிலை எடுத்துக்கொள்வோம். ஜோத்பூரிலிருந்து பாலி நகருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், சோட்டிலா என்னும் சிற்றூருக்கு அருகே இருக்கிறது ஓம் பன்னாவின் தலம். ஓம் சிங் ராத்தோர் என்ற இளைஞர் தம் புல்லட்டில் வரும்போது மரத்தில் மோதி அவ்விடத்திலேயே இறந்தார். 1988 என்பது பரவலாகச் சொல்லப்படும் ஆண்டு. காவலர்கள் வண்டியை நிலையத்துக்குக் கொண்டு சென்றார்களாம்; மறுநாள் காலையில் அது விபத்து நடந்த இடத்திலேயே நின்றதாம். பெட்ரோலை வடித்துவிட்டுச் சங்கிலியிட்டுப் பூட்டினார்களாம், மீண்டும் அங்கேயே. இது மக்கள் சொல்லும் கதை. இன்று அந்த வண்டி கண்ணாடிக் கூண்டுக்குள் மாலைகளோடு நிற்கிறது. அவ்வழியே செல்லும் ஓட்டுநர்கள் இறங்கி வணங்குகிறார்கள். சிலர் மது படைக்கிறார்கள். அதன் பிறகே வண்டியை எடுக்கிறார்கள். நிற்காமல் போனால் வழி நலமாக அமையாது என்பது நம்பிக்கை.

இனி வகுப்பறைக்கு வருவோம். பாலைத்திணையை நாம் எப்படி நடத்துகிறோம்? பொருள் தேடிப் பிரியும் தலைவன் கடந்து செல்லும் அருஞ்சுரம். அதன் வழியோரத்தில் நடுகல். ஆநிரை மீட்டும் பூசலிட்டும் மடிந்த மறவனின் பெயரும் பீடும் அதில் பொறிக்கப்பட்டிருக்கும். மயிலின் பீலியை அதற்குச் சூட்டுவார்கள், துடி கொட்டுவார்கள், கள்ளைப் படைப்பார்கள். இறந்தவனின் வேலையும் கேடயத்தையும் கல்லின் முன்னே நட்டுவைப்பார்கள். வழிப்போக்கர்கள் நின்று படிக்க முயல்வார்கள். எழுத்து தேய்ந்திருந்தால் படிக்க இயலாமல் போவார்கள். மலைபடுகடாத்தின் கூத்தர்களுக்கு, வழியில் நிற்கும் கற்களுக்கு இசைத்துவிட்டு விரைந்து செல்லுங்கள் என்றே அறிவுரை சொல்லப்படுகிறது.

வழியில் மாண்ட வீரன், அவன் ஏறிவந்த கருவி, மது, மாலை, நின்று வணங்கிச் செல்லும் வழிப்போக்கர். இவற்றில் எது சோட்டிலாவில் இல்லை? பாலை நிலத்தில், பாலை வழியில், பாலையின் தெய்வம் நம் கண்முன் உருவாகி நிற்கிறது. இருபது ஆண்டுகளாகப் பாலைப் பாட்டு ஓதிய ஒருவர் அதை நேரில் கண்டு "விசித்திரம்" என்று சிரித்துவிட்டு வருகிறார். 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்கள் கிடைத்தபோது இதே நண்பர் எங்களுக்கெல்லாம் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். ஆநிரைப் பூசலில் இறந்த ஒருவனின் கல் இரண்டாயிரம் ஆண்டு பழையதாக இருந்தால் பண்பாடு; சாலை விபத்தில் இறந்தவனின் நினைவு நாற்பது ஆண்டுகூட ஆகாததாக இருந்தால் நகைச்சுவையா? பழைமைக்கு எத்தனை ஆண்டு ஆனால் மதிப்புத் தொடங்கும் என்று யாராவது சூத்திரம் செய்திருக்கிறார்களா?

இன்னும் ஒன்று. ஓம் பன்னாவின் வண்டி எங்கே பிறந்தது என்று நண்பர் கேட்கவே இல்லை. அந்நாளில் புல்லட் வண்டிகள் நம் திருவொற்றியூர்த் தொழிற்சாலையில்தான் செய்யப்பட்டன. மார்வாரின் நெடுஞ்சாலைத் தெய்வம் வடசென்னைக் கடற்கரையில் வார்க்கப்பட்டு, திரிக்கப்பட்டு, வண்ணம் பூசப்பட்டு ரயிலேறிப் போன தெய்வம். நெய்தலில் பிறந்து பாலையில் குடிகொண்டது என்று சொல்ல நமக்கல்லவா உரிமை இருக்கிறது! மேலும், பல்லவன் சாலையில் பாடிகாட் முனீஸ்வரர் இருக்கிறார். புது வண்டி வாங்கியவர்கள் அங்கே கொண்டுபோய் நிறுத்தி, சக்கரத்தடியில் எலுமிச்சை வைத்து ஏற்றிய பிறகே வீட்டுக்கு ஓட்டிவருகிறார்கள். முனீஸ்வரருக்கும் சாராயமும் சுருட்டும் உண்டு. நண்பரின் காரும் அங்கே போய்வந்ததுதான். அது வழக்கம், ராஜஸ்தானில் நடந்தால் விசித்திரம்.

"மூடநம்பிக்கைக்கு வக்காலத்து வாங்குகிறீர்களே" என்று கேட்பார்கள். வாங்கவில்லை. வண்டி தானே நடந்து வந்தது என்று நான் நம்பவில்லை. அத்தலத்தைச் சுற்றிக் கடைகளும் காணிக்கையும் வணிகமும் பெருகியிருப்பதையும் மறைக்கவில்லை. ராஜபுத்திர இளைஞன் இறந்தால் தெய்வமாவதும், அதே சாலையில் அடிபட்டு இறந்த கூலித் தொழிலாளிக்கு ஒரு கல்லும் நடப்படாததும் பேசப்பட வேண்டிய சங்கதிதான். ஆனால் பாருங்கள், இந்தக் கேள்விகள் எவையும் சிரித்தவர்களுக்குத் தோன்றவில்லை. பகுத்தறிவோடு மறுப்பதற்கும் முதலில் ஒன்றைக் கருத்தூன்றிப் பார்த்தாக வேண்டும்.

அடுத்து, துடைப்ப மியூசியம். அதற்குப் பெயர் அர்ண ஜர்ணா. ஜோத்பூருக்கு வெளியே மோக்லாவாஸ் என்னும் இடத்தில், பாறையும் முள்ளுமான நிலத்தில் இருக்கிறது. அதைக் கனவு கண்டவர் கோமல் கோத்தாரி. 1960இல் விஜய்தான் தேத்தாவோடு சேர்ந்து போருந்தா கிராமத்தில் ரூபாயன் சன்ஸ்தானைத் தொடங்கியவர். லங்கா, மாங்கணியார் இசைக்குடியினரின் பாடல்களைப் பதிவு செய்து உலகின் காதுக்குக் கொண்டு சேர்த்தவர். 2004இல் அவர் மறைந்தபின் அவருடைய மகன் பணியைத் தொடர்ந்தார். அரண்மனை வாளும் அரசர் பல்லக்கும் மலிந்த ஒரு மாநிலத்தில் அருங்காட்சியகம் அமைக்க எண்ணியவர், முதற் காட்சிப்பொருளாகத் துடைப்பத்தைத் தேர்ந்தார் என்றால் அது வேடிக்கைக்காகவா?

கோத்தாரி ராஜஸ்தானை அரச வம்சங்களால் பிரித்துப் பார்க்கவில்லை. மக்கள் உண்ணும் தானியத்தால் பிரித்தார்: கம்பு நிலம், சோள நிலம், மக்காச்சோள நிலம். மேற்கே பாலை, கம்பு. எந்தத் தானியம் விளைகிறதோ அதற்கேற்ற மண், மாடு, பாட்டு, தெய்வம், வாத்தியம் என்று அவர் எண்ணம் விரிந்தது. தொல்காப்பியர் கருப்பொருள்களை வரிசைப்படுத்தும்போது தெய்வத்தை அடுத்து உணவைத்தான் வைக்கிறார். விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் எல்லாம் பிறகு. தொல்காப்பியம் படித்த ஒருவருக்கு அர்ண ஜர்ணாவின் வாசலில் மயிர்க்கூச்செறிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு துடைப்பமும் எந்தப் புல்லால், எந்தச் செடியால் ஆனது என்று கேட்டால் அந்நிலத்தின் தாவரம் தெரிகிறது. வீட்டுக்குள் பெருக்குவது எது, வாசலில் பெருக்குவது எது என்றால் வீட்டின் ஒழுங்கு தெரிகிறது. அம்மைத் தெய்வமான சீதளாவின் கையில் ஏன் துடைப்பம் என்றால் நோயின் வரலாறு தெரிகிறது. செய்பவர் எந்தச் சாதி, பெருக்குபவர் எந்தச் சாதி என்று கேட்டாலோ சங்கடமான எல்லாமே தெரிந்துவிடுகிறது. வாளைக் காட்டும் அருங்காட்சியகத்தில் இந்த நான்காவது கேள்விக்கு இடமே இராது.

நம்மிடம் துடைப்பம், விளக்குமாறு, சீமாறு, வாரியல், பெருக்குமாறு என்று எத்தனை சொற்கள்! ஒருவர் எதைச் சொல்கிறார் என்பதைக் கொண்டு அவர் ஊரைக் கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம். விளக்கு வைத்தபின் பெருக்காதே என்று அதட்டாத பாட்டி உண்டா? இவை ஓரிடத்தில் சேர்த்துவைக்கப்பட்டால் நாமும் சிரிப்போம் போலும்.

ஜெய்சல்மேரில் உள்ளூர் ஆசிரியர் ஒருவர் தம் முயற்சியில் திரட்டிய நாட்டார் அருங்காட்சியகம், தனோட் கோயிலில் 1965ஆம் ஆண்டுப் போரின் வெடிக்காத குண்டுகள் எல்லாம் நண்பரின் படங்களில் வேகமாக ஓடி மறைந்தன. குல்தராவுக்கு மட்டும் நிறைய நேரம் கிடைத்தது. அது 'பேய் ஊர்' ஆயிற்றே! அங்கே வாழ்ந்த பாலிவால்கள், அரிதாகப் பெய்யும் மழையைத் தாழ்நிலத்தில் கரைகட்டித் தேக்கி, அந்த ஈரத்தில் பயிரிடும் 'கடீன்' என்ற முறையில் கைதேர்ந்தவர்கள் என்பது படவிளக்கத்தில் இல்லை. பேய் வந்தால் உழவன் போய்விடுகிறான். ஜோத்பூருக்கு அருகே கேஜர்லியில், 1730இல் மரங்களைக் கட்டித் தழுவி வெட்டுண்ட 363 பிஷ்ணோய் மக்களின் நினைவிடம் இருக்கிறது. அவர்கள் காத்தது நம் கோயில்களில் தலமரமாக நிற்கும் அதே வன்னி. நண்பர் அங்கே போகவே இல்லை. அதில் விசித்திரம் போதவில்லை.

இதெல்லாம் ராஜஸ்தானுக்கான வருத்தம் என்று நினைத்துவிட வேண்டாம், வருத்தம் நமக்கானது. கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற ஒருவர் நூல்களோடு பழைய இதழ், நாடக நோட்டீஸ், திருமண அழைப்பிதழ் என்று வீடு நிறையச் சேர்த்தார். அவர் 1992இல் மறைந்தபின் அத்தொகுப்பின் அருமையை உணர்ந்து வாங்கிக் காத்தது எந்தத் தமிழ்ப் பல்கலைக்கழகம்? சிகாகோ பல்கலைக்கழகம்! அதன் பின்னரே அது சென்னையில் ஆய்வு நூலகமாயிற்று. இன்று தரமணியில் இருக்கிறது. இன்றைய ஆய்வாளர் பலரும் நன்றியோடு அடிக்குறிப்பில் இடும் அந்தப் பெயர், ஒரு காலத்தில் 'பழைய காகிதம் சேர்க்கும் மனிதர்' என்ற ஒரு வரியில் நாம் தாண்டிப் போயிருக்கக்கூடிய பெயர்.

இப்போது நாங்கள் உட்கார்ந்து சிரித்த இடத்தைத் திரும்பிப் பாருங்கள். கூப்பிடு தூரத்தில் ஊரூர் ஒல்காட் குப்பம். ஒரு பாதி ஊரின் பழம்பெயர். மறு பாதி, 1882இல் தம் சபையின் தலைமையகத்தை அடையாற்றுக்குக் கொண்டுவந்த ஹென்றி ஸ்டீல் ஆல்காட்டின் பெயர். இந்தக் குப்பத்தின் பக்கம் வரும் பார்வையாளர்கள் எதைப் பார்க்கிறார்கள்? அடையாற்று முகத்துவாரத்தில் 1977இல் இடிந்த பாலத்தை. படப்பிடிப்புகள் நடந்த பாலம் அல்லவா. தெற்கே எலியட்ஸ் கடற்கரையில், 1930இல் பிறரைக் காப்பாற்றக் கடலில் இறங்கி மாண்ட டேனிஷ் மாலுமி ஷ்மிட்டின் நினைவு மண்டபம் நிற்கிறது. நெய்தல் நிலத்தில் எழுந்த நடுகல் அது. அதன் முன் நின்று படமெடுப்போரில் எத்தனை பேர் அதில் பொறித்த பெயரைப் படிக்கிறார்கள்? இங்கே எழுத்து தேயவில்லை, ஐயா, கண்தான் தேய்ந்திருக்கிறது.

ஆங்கிலம் கடன் வாங்கிய தமிழ்ச் சொற்களைப் பட்டியலிடும்போது கட்டுமரத்தை முதலில் வைத்து நாம் மார்தட்டுகிறோம். அந்த மரங்களை எந்த வரிசையில், எந்த முடிச்சால் பிணைப்பார்கள் என்று தமிழ்த்துறைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? கோலா மீனுக்குப் போகும் மரம் வேறு என்பது தெரியுமா? 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணமாக வந்த ஃபைபர் படகுகள் கரையை நிறைத்தன. மீனவர்கள் அதை ஏற்றது முற்றிலும் நியாயம். நம் மனநிறைவுக்காக அவர்கள் கட்டுமரத்திலேயே உயிரைப் பணயம் வைக்க வேண்டியதில்லை. ஆனால் மரம் போனால் முடிச்சின் பெயரும் போகும். கவலை வலை, எறா வலை, நண்டு வலை என்று வலைக்கு வலை கண்ணளவு வேறு. கச்சான், வாடை, கொண்டல் என்று காற்றுக்குக் காற்று கடலின் குணம் வேறு. இவை குப்பத்துப் பெரியவர்களின் வாயில் மட்டும் இருக்கின்றன. நாமோ உரைகாரர்களை வைத்துக்கொண்டு நெய்தலுக்குக் கருப்பொருள் எழுதச் சொல்லி மாணவனுக்குப் பத்து மதிப்பெண் போடுகிறோம்.

அரசு ஓர் அருங்காட்சியகம் கட்ட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கட்டினால் குப்பத்தை அப்புறப்படுத்திவிட்டு அதே இடத்தில் கட்டுவார்களோ என்ற அச்சம் எனக்கு உண்டு. குப்பமே காட்சிப்பொருளாகி, நாளை ஜெய்ப்பூரிலிருந்து வரும் ஒருவர் "வலைக்கு ஒரு மியூசியம் சார்" என்று சிரிப்பதும் வேண்டாம். ஒரு வீட்டின் பரணில் கிடக்கும் துடுப்பு அந்த வீட்டுக்காரர்களின் சொத்தாகவே இருக்கட்டும். அதன் பெயர், அளவு, செய்தவர் விவரம் ஆகியவை அவர்கள் ஒப்புதலோடும் அவர்கள் பெயரோடும் எழுதிவைக்கப்படட்டும். கரிசல் மண்ணின் சொற்களை அகராதியாக்க கி. ராஜநாராயணன் எந்தத் துறையின் அனுமதிக்கும் காத்திருக்கவில்லை; 1982இல் அது நூலாகவே வந்துவிட்டது. இச்சென்னையில் எத்தனை கல்லூரிகள், எத்தனை தமிழ்த்துறைகள், ஆண்டுதோறும் எத்தனை ஆய்வேடுகள்! சிலம்பில் உவமை, சிந்தாமணியில் உவமை என்று தலைப்பை மாற்றி மாற்றிக் கட்டடம் செய்துகொண்டிருக்கும் பிள்ளைகளில் பத்துப் பேரை, ஒரு பருவத்துக்கு மட்டும், குறிப்பேட்டோடு குப்பத்துக்கு அனுப்பினால் என்ன?

அனுப்புகிற ஆசிரியர்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. படகுகள் காலையில் கரையேறும். வலையிலிருந்து மீனைப் பிரித்து முடிக்கும்வரை யாரையும் தொந்தரவு செய்யக் கூடாது. மீன் விற்பனை முடிந்து, வலையைச் சீர்செய்ய உட்காரும் வேளையில் அருகே போய் உட்கார்ந்தால், கேட்காததையும் சேர்த்துச் சொல்வார்கள். கைப்பேசியைப் பையிலேயே வைத்திருக்கும்படி மாணவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.