உறை கிழியும் சத்தம்



போன மாதம் அம்மாவுக்குக் கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்க வேண்டியிருந்தது. மதுரை சிம்மக்கல் பக்கம் சின்னதாக ஒரு பல் மருத்துவமனை. சாயங்காலம் ஆறு மணிக்கே பெஞ்சில் இடமில்லை. உசிலம்பட்டியிலிருந்து பஸ் ஏறி வந்திருந்த பெரியவர் ஒருவர், வீங்கிய தாடையைத் துண்டால் தாங்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அம்மா நாற்காலியில் சாய்ந்ததும் மருத்துவர் ஒரு உறையை எடுத்து அவர் கண்ணெதிரே காட்டினார். ஒரு பக்கம் காகிதம், மறுபக்கம் பிளாஸ்டிக். உள்ளே கருவிகள். "பாருங்கம்மா, ஓரத்துல இந்த அடையாளம் நிறம் மாறியிருக்கு. மெஷின்ல வெந்து வந்த செட். உங்களுக்குத்தான் முதல்ல பிரிக்கிறேன்" என்று சொல்லிக் கிழித்தார். அதுவரை என் கையை நெரித்துக்கொண்டிருந்த அம்மாவின் விரல்கள் கொஞ்சம் தளர்ந்தன.

எனக்கு அந்த நேரத்தில் வாணியம்பாடி நினைவு வந்தது.

திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கும் அந்த ஊரில், 2023-ஆம் ஆண்டு, ஒரே பல் மருத்துவமனைக்குப் போய்வந்த பத்துப் பேருக்கு மூளையைத் தாக்கும் கடுமையான தொற்று வந்தது. அவர்களில் எட்டுப் பேர் இறந்துபோனார்கள். பல்வலிக்குப் போனவர்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களும், சென்னையில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனமும், தமிழகப் பொது சுகாதாரத் துறையும் சேர்ந்து துப்புத் துலக்கிய அந்த ஆய்வு 2025-இல் லான்செட் குழும இதழ் ஒன்றில் வெளிவந்தபோதுதான் நம்மில் பலருக்கு விஷயமே தெரிந்தது. காரணமாக அறிக்கை சுட்டியது ஒரு சலைன் பாட்டிலை. ஈறை எலும்பிலிருந்து விலக்கப் பயன்படும் கருவியைக் கொண்டே பாட்டிலைத் திறந்திருக்கிறார்கள். மிச்சமிருந்த நீரைக் கொட்டாமல், வாயைப் பஞ்சால் அடைத்துவைத்து, அடுத்தடுத்து வந்தவர்களின் புண்ணையும் அதிலேயே கழுவியிருக்கிறார்கள்.

அவர்களைத் தாக்கியது ஒரு கிருமி; அது உண்டாக்கும் நோய்க்கு மெலியாய்டோசிஸ் என்று பெயர். ஈர மண்ணும் தேங்கிய நீரும் வயல் சேறும் அந்தக் கிருமியின் வீடு. மேலூரிலும் வாடிப்பட்டியிலும் பெரியாற்றுத் தண்ணீர் பாய்ந்து நாற்று நடுகிற வயல்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு, சேறு அந்நியமான பொருள் இல்லை. காலில் சேறு பட்ட எல்லோருக்கும் நோய் வந்துவிடாது, பயப்பட வேண்டாம். சர்க்கரை நோய் இருப்பவர்களைத்தான் அது அதிகம் பிடிக்கிறது. ஆனால் அதே கிருமி பாட்டில் நீரில் குடியேறி, வாயில் திறந்திருக்கும் புண்ணுக்குள் நேராக ஊற்றப்பட்டால் கதை வேறு. காய்ச்சல், தலைவலி, பேச்சுக் குளறல் என்று நோயாளிகள் வந்தபோது, பல் வைத்தியம் ஏதும் செய்துகொண்டீர்களா என்று கேட்டுக் கேட்டுத்தான் இழையைப் பிடித்திருக்கிறார்கள். பல் பிடுங்கிய சில நாளில் காய்ச்சலோ முகவீக்கமோ வந்தால், எந்த மருத்துவரிடம் போனாலும் பல் பிடுங்கியதைச் சொல்லிவிடுங்கள்.

ஒரு பாட்டில் சலைனின் விலை பெரிதில்லை. நம் வீடுகளில் மிச்சத்தை மூடிவைப்பது நல்ல பழக்கம். அம்மாவின் தலைமுறை அப்படித்தான் குடும்பம் நடத்தியது. அந்தப் பழக்கம் சிகிச்சை அறைக்குள் நுழையும்போது உயிரைக் குடிக்கிறது என்பதை நினைக்கையில் எனக்கு நெஞ்சு பதறுகிறது. கெட்ட எண்ணம் ஒன்றும் தேவைப்படவில்லை, பஞ்சு அடைத்த ஒரு பாட்டிலே போதுமாயிருந்திருக்கிறது.

கருவியை வெந்நீரில் போட்டு எடுத்தால் போதாதா என்று என் தங்கை கேட்டாள். இட்லிப் பானையில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. சில கிருமிகளின் வித்துகள் அந்தச் சூட்டைத் தாங்கிக்கொள்ளும். குக்கரில் நீராவியை வெளியே விடாமல் அடைத்தால் சூடு அதற்கு மேலே ஏறுகிறது அல்லவா, கருவிகளை வேகவைக்கும் ஆட்டோகிளேவ் மெஷினும் அதே வேலையைத்தான் செய்கிறது. 15 பவுண்டு அழுத்தத்தில் 121 டிகிரி. பாஸ்டரின் உதவியாளர் சார்லஸ் சாம்பர்லண்ட் 1879-இல் உருவாக்கிய கருவி அது. ஆனால் ரத்தமும் எச்சிலும் காய்ந்து ஒட்டியிருந்தால் நீராவி அடியில் போய்ச் சேராது. முதலில் தேய்த்துக் கழுவ வேண்டும், அப்புறம் உறையிலிட்டு வேகவைக்க வேண்டும். 'கீய்ங்' என்று சுழலும் அந்தக் கைக்கருவியையும் ஸ்பிரிட்டில் துடைத்தால் போதாது. அதன் உள்ளே எச்சில் ஏறக்கூடும்; அதுவும் ஆட்டோகிளேவுக்குப் போய் வர வேண்டும்.

தண்ணீரும் அப்படித்தான். 2011-இல் இத்தாலியில் 82 வயது மூதாட்டி ஒருவர் நிமோனியாவால் இறந்தார். பல் மருத்துவமனையின் தண்ணீர்க் குழாயிலிருந்த லெஜியோனெல்லா கிருமிதான் அவரைத் தாக்கியது. மெல்லிய குழாய்களில் நீர் தேங்கினால் உள்ளே பாசிபோலப் படலம் கட்டுகிறது. ஒவ்வொரு நோயாளிக்கு முன்பும் சில வினாடி தண்ணீரை ஓடவிடுவதும், குழாய்களை மருந்திட்டுச் சுத்தம் செய்வதும் அதற்காகத்தான். லாரித் தண்ணீரையும் போர் தண்ணீரையும் தொட்டியில் நிரப்பிவைத்துக் காலம் தள்ளும் நம் ஊர்களில் இதற்குக் கூடுதல் கவனம் வேண்டும்.

சட்டம் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் 1997-ஆம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி பல் மருத்துவமனைகளும் பதிவு பெற வேண்டும். ஊசிகளைத் துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டியிலும், ரத்தம் தோய்ந்த பஞ்சை மஞ்சள் பையிலும் போட வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகள் சொல்கின்றன. சுவரில் மாட்டிய சான்றிதழை நாமே படித்துப் பார்க்கலாம். ஆனால் சான்றிதழால் பாட்டிலை மூட முடியாது. சாயங்காலக் கூட்டம் முட்டும்போது பத்துப் பேருக்குப் பத்து செட் கருவி வேண்டும், அவற்றைக் கழுவ ஒரு ஆள் வேண்டும். அதற்கான செலவும் நாம் கொடுக்கும் கட்டணத்தில்தான் இருக்கிறது. பக்கத்துத் தெருவில் நூறு ரூபாய் குறைவு என்று நாம் பேரம் பேசும்போது எதைக் குறைக்கச் சொல்கிறோம் என்று ஒரு முறை யோசித்திருக்கிறோமா?

வாயைத் திறந்துவிட்டால் அப்புறம் பேச முடியாது. அதனால் திறக்கும் முன்பே கேட்டுவிடுவோம். சர்க்கரை, இதய நோய், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எல்லாவற்றையும் நாம் சொல்ல வேண்டும்; உறையைப் பிரிப்பதை அவர் காட்ட வேண்டும். கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்குகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். நானும் தயங்கித்தான் அந்த உதவியாளர் பெண்ணிடம் ஆட்டோகிளேவைப் பார்க்கலாமா என்று கேட்டேன். முகம் மலர உள்ளே கூட்டிப்போய் நோட்டைக் காட்டினாள். தேதி, நேரம், எத்தனையாவது சுற்று, வாரம் ஒருமுறை வித்துச் சோதனை, எல்லாம் குண்டு குண்டாக அவள் கையெழுத்தில். "இதுவரைக்கும் இதை யாருமே கேட்டதில்லை சார்."

அம்மா பஞ்சைக் கடித்தபடி வெளியே வந்தார். உசிலம்பட்டிப் பெரியவர் துண்டை இறக்கிவிட்டு அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார். "தாயி, எனக்கும் அந்தக் கவரைக் கிழிச்சுக் காட்டுவாங்கள்ல?"

"உங்களுதை இப்பத்தான் வெளிய எடுத்தேன் ஐயா. சூடா இருக்கு, ஆறட்டும்."