தனி ஊராட்சித் தலைவருக்கு மாவட்டத் திட்டக் குழுவில் இடம் எங்கே?

2020இல் கடலூர் மாவட்டம் தெற்கு திட்டையில் தலித் ஊராட்சித் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்கார்ந்திருந்த படம் வெளியானபோது நாமெல்லாம் கொதித்தோம். அவருக்கு நாற்காலி கேட்டோம். கேட்டது சரி. ஆனால் நாற்காலியோடு நம் கேள்வியும் முடிந்துபோனது. நான் என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

தனி ஊராட்சியில் தலைவர் பதவிக்கு இடஒதுக்கீடு உண்டு. துணைத் தலைவர் பதவிக்குக் கிடையாது. ஊராட்சிப் பணத்தை எடுக்க இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். சாதி இந்துத் துணைத் தலைவர் பேனாவை மூடி வைத்தால் போதும், சேரிக்கு ஒரு குழாய்கூட வராது. ஊருக்குள் அந்தத் தலைவர் தனி ஆள். ஆனால் மாவட்டம் முழுக்கப் பார்த்தால் அவரைப் போலப் பலர் இருக்கிறார்கள். அவர்கள் ஒன்றாக உட்கார ஓர் இடம் வேண்டாமா?

அப்படி உட்கார வைத்திருக்கக்கூடிய அமைப்பு சட்டத்திலேயே இருக்கிறது. 1992இன் 74ஆவது திருத்தம் கொண்டுவந்த 243 இசட்-டி பிரிவு, மாவட்டத்துக்கு ஒரு திட்டக் குழு அமைக்கச் சொல்கிறது. ஊராட்சிகளும் நகராட்சிகளும் போடும் திட்டங்களைத் தொகுத்து, தண்ணீர்ப் பங்கீடு உட்பட அவற்றின் பொதுப் பிரச்சினைகளையும் கணக்கில் எடுத்து, மாவட்டத்துக்கான வரைவுத் திட்டம் தயாரிப்பதுதான் அதன் வேலை. உறுப்பினர்களில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாமல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களாக இருக்க வேண்டும்.

யார் தேர்ந்தெடுப்பது? மாவட்ட ஊராட்சி உறுப்பினர்களும் நகர்ப்புற மன்ற உறுப்பினர்களும், தங்களுக்குள்ளேயே. கிராம ஊராட்சித் தலைவருக்கு அதில் ஓட்டும் இல்லை, போட்டியிடும் உரிமையும் இல்லை. ஊராட்சிகளிலும் நகராட்சிகளிலும் பட்டியல் சாதியினருக்கு இடம் ஒதுக்கச் சொன்ன அதே அரசமைப்புச் சட்டம், 243 இசட்-டி பிரிவில் இடஒதுக்கீடு பற்றி வாய் திறக்கவில்லை. கீழே திறந்த கதவு மேலே சாத்தியிருக்கிறது.

இது வெறும் சட்டப் பிரச்சினையா? எனக்குத் தெரிந்த ஒரு சேரியின் சுடுகாட்டுப் பாதை பக்கத்து ஊராட்சி எல்லைக்குள் போகிறது. மழைக்காலத்தில் பிணத்தை வரப்பில் தூக்கிப் போகிறார்கள். இந்த ஊராட்சித் தலைவர் தீர்மானம் போட்டால் அந்த எல்லையில் செல்லாது. அந்த ஊராட்சிக்கு அக்கறை கிடையாது. இரண்டு ஊராட்சிக்கும் பொதுவான சிக்கலைப் பேசவேண்டிய இடம் திட்டக் குழு. அந்தத் தலைவருக்கோ மனுநீதி நாளில் வரிசையில் நிற்பதுதான் வழி. மக்கள் தேர்ந்தெடுத்த தலைவர் மனுதாரராக நிற்கிறார்.

மேலவளவு முருகேசனை நினைத்துப் பாருங்கள். 1997இல் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்விட்டுத் திரும்பிய அவரைப் பேருந்திலேயே வெட்டிக் கொன்றார்கள். கொன்றது சாதிவெறி. அதை எந்தக் குழுவும் தடுத்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தலித் தலைவர்களை ஒவ்வொருவராகத் தனித்து நிறுத்தும் நிர்வாகம் யாருக்கு வசதி?

“செயல்படாத குழுவில் இடம் கேட்டு என்ன பயன்?” என்று தோழர்கள் கேட்கிறார்கள். குழுவை முடக்கி வைப்பதே அரசுதான். 2016 அக்டோபர் முதல் 2019 டிசம்பர் வரை தமிழ்நாட்டில் ஊரக உள்ளாட்சித் தேர்தலே நடக்கவில்லை. 2025 ஜனவரியில் 28 மாவட்டங்களில் பதவிக்காலம் முடிந்ததும் மறுபடியும் தனி அலுவலர்கள் வந்தார்கள். மாவட்ட ஊராட்சியே இல்லாதபோது திட்டக் குழுவுக்கு யார் ஓட்டுப் போடுவது? சட்டப்படி மாவட்ட ஊராட்சித் தலைவர்தான் குழுவின் தலைவர், ஆட்சியர் துணைத் தலைவர். தலைவரே இல்லாத காலத்தில் அதிகாரம் யார் கையில் இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

கேரளாவில் 1996இல் மக்கள் திட்டம் தொடங்கியபோது திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்குப் போனது. அங்கே ஆட்சியர் திட்டக் குழுவின் செயலாளர். உள்ளாட்சிகளின் திட்டங்கள் அந்தக் குழுவின் ஒப்புதலுக்கு வருகின்றன. கேரளாவில் சாதி ஒழிந்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பணம் வந்தால் குழு உயிரோடு இருக்கும் என்பதற்கு அது சாட்சி.

அரசமைப்புச் சட்டத்தைத் திருத்தும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. ஐந்தில் நான்கு பங்கு போக மீதி ஒரு பங்கு மாநிலச் சட்டத்தின் கையில் இருக்கிறது. அந்த இடங்களைத் தனி ஊராட்சித் தலைவர்களுக்குக் கொடுங்கள், அவர்களே தங்களுக்குள் தேர்ந்தெடுக்கட்டும். குழுக் கூட்டத்தின் தீர்மானங்களை மக்கள் பார்வைக்கு வையுங்கள். உள்ளாட்சித் தேர்தலை உரிய காலத்தில் நடத்துங்கள்.

இளைய தோழர்களே, உங்கள் மாவட்டத் திட்டக் குழு கடைசியாக எப்போது கூடியது, அதில் எத்தனை தலித்துகள் இருந்தார்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். பத்து ரூபாய்தான் செலவு. பதில் வந்தாலும் வராவிட்டாலும், நம் அடுத்த போராட்டத்துக்கு அதுவே ஆதாரம்.