தாது வருஷமும் சூரியனும்

பெசன்ட் நகர் ஊரூர் குப்பத்துக்கு வடக்கே, அதே கடலோரத்தில் இருக்கிறது ஸ்ரீஹரிகோட்டா. 2023 செப்டம்பர் 2ல் சூரியனை ஆராய அங்கிருந்து ஆதித்யா எல்-1 கிளம்பிற்று. "அதனால் நம் வீட்டு உலை கொதிக்குமா?" என்று கேட்கும் தோழர்கள் உண்டு. நியாயமான கேள்விதான்.

தாது வருஷப் பஞ்சத்தில் (1876–78) சென்னை ராஜதானியில் லட்சக்கணக்கானோர் மாண்டனர். நாட்டின் தானியமோ சீமைக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தது. வெள்ளை சர்க்கார் என்ன செய்தது? பஞ்சத்தின் காரணத்தைச் சூரியப் புள்ளிகளில் தேடிற்று! கொடைக்கானல் ஆராய்ச்சிக்கூடம் 1899ல் எழுந்ததற்கு அந்தத் தேடலும் ஒரு காரணம். மழையைத் தடுத்தது சூரியன் என்றே வைத்துக்கொள்வோம்; கப்பலில் மூட்டை ஏற்றியது யார்?

விஞ்ஞானத்தின் மீது நமக்குக் கோபமில்லை. பாய்லரை விட்டு விலகினால் சூடு குறையும். ஆலைத் தொழிலாளி அறிவான். சூரியனின் மேற்பரப்பில் சூடு சுமார் 5,500 டிகிரி. அதை விட்டு விலகிய வெளி வளையத்திலோ 10 லட்சத்துக்கும் மேல்! ஏன்? முழு விடை இன்னும் இல்லை. வெல்டிங் சுடரில் ஒளிர்வது போன்ற மின்னேறிய வாயு அது, பிளாஸ்மா என்பர். எப்போது சீறும் என்றும் திட்டமாகச் சொல்ல முடிவதில்லை. 1989 மார்ச்சில் சீறியபோது கனடாவின் கியூபெக் மாகாணம் 9 மணி நேரம் இருண்டது. அப்படிச் சீறினால், ஜி.பி.எஸ். பார்த்துப் படகோட்டும் குப்பத்து மீனவனின் கருவியும் தடுமாறும்.

2020ல் விண்வெளித் துறையைத் தனியாருக்குத் திறந்துவிட்டார்கள். நாளை இந்த எச்சரிக்கையும் விலைச்சரக்கானால், முதலில் யார் கைக்குப் போகும்? ஆதித்யா பறந்தது மக்கள் பணத்தில். அதன் எச்சரிக்கை தமிழில், காசில்லாமல், மீனவனின் படகுக்கு வந்தாக வேண்டும் என்று கோருகிறோம்.