புளி போட்டுத் தேய்த்தாலும் போகாது!

பழசைத் தூக்கி எறிய மனசு வராதவர்கள் நாம். கிழிந்த வேட்டி கரித்துணியாகும். ஓட்டை வாளி பூந்தொட்டியாகும். "குப்பைக்குப் போறதை வச்சு நானே செஞ்சேன்!" என்று சொல்வதில் உள்ள பெருமையே தனி. நானும் அந்தக் கட்சிதான். ஆனால், வைத்தியன் என்ற முறையில் உங்களிடம் ஒரு கேள்வி: அந்தப் பொருள் உங்கள் கைக்கு வருமுன் என்ன வேலை பார்த்தது?

எங்கள் பெரம்பலூர் பக்கம் பருத்தியும் மக்காச்சோளமும் அதிகம். அங்கே காலியாகும் பூச்சிமருந்து டப்பாக்கள் திடமாக, மூடியோடு அழகாக இருக்கும். வெட்டினால் தண்ணீர் மொள்ளும் குவளை. வெட்டாவிட்டால் எண்ணெய் டப்பா! கேட்டால், "புளியும் சாம்பலும் போட்டு மூணு தடவை தேய்ச்சாச்சு, வாசனையே இல்லை டாக்டர்" என்பார்கள். வாசனை போகலாம். ஆனால் பிளாஸ்டிக் உறிஞ்சிக்கொண்ட விஷம் முழுசாகப் போகாது.

சேராங்கொட்டை, எட்டிக்கொட்டை போன்ற நச்சுச் சரக்குகளை சித்த மருத்துவத்தில் 'சுத்தி' செய்த பிறகே மருந்தில் சேர்ப்போம். ஒவ்வொன்றுக்கும் தனி முறை உண்டு. பூச்சிமருந்து டப்பாவுக்கு எந்த ஏட்டிலும் சுத்தி முறை கிடையாது!

2017-ல் பருத்திக்கு மருந்தடித்த விவசாயிகள் சிலர் பெரம்பலூர் மாவட்டத்தில் உயிரிழந்தார்கள். வயலில் ஆளையே சாய்த்த சரக்கின் மிச்சம் சமையலறையில் எதற்கு? காலி டப்பாவை யாரும் மறுபடி பயன்படுத்தாதபடி உடைத்து, குடியிருப்புக்கு அப்பால் புதைக்க வேண்டும் என்கின்றன 1971-ம் வருட பூச்சிக்கொல்லி விதிகள்.

'டவுனில் இருக்கிற நமக்கென்ன' என்று இருந்துவிடாதீர்கள். பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடைக்கும் பெரிய டிரம்மில் முன்பு என்ன இருந்தது என்று தெரியாவிட்டால், அதில் குடிதண்ணீர் பிடிக்காதீர்கள். பெயிண்ட் டப்பாவில் பருப்பு வேண்டாம். அரியலூர் பக்கம் சுலபமாகக் கிடைக்கும் சிமெண்ட் சாக்கில் அரிசி, கடலை கொட்டி வைக்க வேண்டாம். அதையே நன்றாக உதறிக் கழுவி, அடியில் துளை போட்டு, மண் நிரப்பித் தூதுவளையோ கற்பூரவள்ளியோ வளர்க்கலாம். துளை முக்கியம், தண்ணீர் தேங்கினால் டெங்கு கொசு குடிவந்துவிடும்!

அப்படியானால் எதை நம்பி எடுக்கலாம்? பழைய பருத்திப் புடவையை! சூரணத்தைத் துணியில் சலிப்பதை நாங்கள் 'வஸ்திரகாயம்' என்போம். வங்கதேச கிராமங்களில், துவைத்துத் துவைத்து நைந்த புடவையை எட்டு மடிப்பாக்கிக் குளத்து நீரை வடிகட்டியபோது, காலரா ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. 2003-ல் வெளியான ஆய்வு இது. புதுத் துணியைவிடப் பழைய துணியே நன்றாக வடிகட்டியது. நாம் வடிகட்டிய பிறகு கொதிக்கவும் வைத்துவிட்டால் கவலையில்லை.

ஆகவே, பழசை எடுங்கள், தாராளமாகச் செய்யுங்கள். உணவும் தண்ணீரும் படுகிற பொருளுக்கு மட்டும், முன்பும் உணவோ தண்ணீரோ இருந்த பாத்திரத்தையே எடுங்கள். பூர்வீகம் தெரியாத டப்பா வீட்டு வாசலோடு நிற்கட்டும்.