மூடுபனியும் தூரிகையும்

தொலைவிலுள்ள பொருள்கள் மங்கியும் நீலம் பாய்ந்தும் தோன்றுவதற்கு இடைப்பட்ட காற்றே காரணம். காற்றிலுள்ள நுண்துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதால் விளிம்புகள் கரைகின்றன, வண்ணங்கள் வெளிறுகின்றன. இவ்வியல்பைத் தூரிகையில் வடிப்பதில் தேர்ந்தவர் பிரெஞ்சு ஓவியர் கிளாட் மோனே. 1899 முதல் 1901 வரை மும்முறை லண்டன் சென்ற அவர், தேம்ஸ் ஆற்றின் மறுகரையிலிருந்து நாடாளுமன்றக் கட்டடத்தைப் பன்முறை வரைந்தார். அவ்வோவியங்கள் சிலவற்றில் கோபுரங்கள் நீலநிழல்களாய் நிற்க, கதிரவனின் செம்மை அலைநீரில் சிறுசிறு கீற்றுகளாய் உடைந்து கிடக்கிறது.

அம்மூடுபனி இயற்கையின் கொடை மட்டுமன்று. வீடுகளும் ஆலைகளும் எரித்த நிலக்கரியின் புகையும் அதில் கலந்திருந்தது. 1952 டிசம்பரில் அத்தகைய புகைப்பனி லண்டனில் ஆயிரக்கணக்கானோரின் உயிரைக் குடித்தது. 1956இல் தூய காற்றுச் சட்டம் இயற்றப்பட்டது.

அழகெனப் போற்றப்பட்டது நஞ்செனின், அதனைத் தீட்டிய ஓவியம் பொய்யாகுமா? ஆகாது. காற்றின் மாசையும் மறைக்காமல் தீட்டியதால், அது அழகுக்கு மட்டுமன்றி அக்காலத்திற்கும் சான்றாகிறது. புகை நீங்கியதால் அந்நகரம் இழந்தது ஒரு காட்சியை, பெற்றது மூச்சை. ஆற்றங்கரை நகரை வரைய முனையும் மாணவர், மங்கலைத் தீட்டுவதோடு நில்லாது, அது பனியால் விளைந்ததா, புகையால் விளைந்ததா என்றும் வினவுதல் வேண்டும்.